பூனையின் உடலில் திட்டுத் திட்டாக முடி இல்லாமல் போவது ஏன்?

பூனைக்கு முடி கொட்டுகிறது என்று சொல்லும்போதே நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: முடி தானாகவே வேர்விட்டுக் கழன்று விழுகிறது என்று. பூனைகளைப் பொறுத்தவரை இந்த முடிவு பெரும்பாலும் தவறானது. அடிவயிற்றிலோ, தொடையின் உட்புறத்திலோ, வாலுக்கு மேலேயுள்ள முதுகுப் பகுதியிலோ தோல் தெரியும் அளவுக்கு முடி குறைந்துபோன பூனைகளில் பல, அந்த முடியைத் தாங்களே நக்கி நக்கி எடுத்திருக்கும். ஆகவே எந்த நோய் என்று கேட்பதற்கு முன்பு வேறொரு கேள்விக்கு விடை தேட வேண்டும். முடி விழுந்ததா, அல்லது பூனையே அதை எடுத்துவிட்டதா? இந்த ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் மாதக்கணக்கில் தவறான மருந்துகள் கொடுக்கப்படுகின்றன என்பது என் கருத்து.

பூனையின் நாக்கு அதற்கேற்ற கருவி. அதன் மேற்பரப்பு முழுவதும், நகத்தில் உள்ள அதே கெரட்டின் பொருளால் ஆன, தொண்டையை நோக்கி வளைந்த சின்னஞ்சிறு கொக்கிகள் வரிசையாக நிற்கின்றன. வழக்கமாக அவை உதிர்ந்த முடியையும் அழுக்கையும் வாரி எடுக்கின்றன. அரிப்போ வலியோ ஏற்பட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கும்போது நல்ல முடியையும் அடியோடு ஒடித்துவிடுகின்றன. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை உடலைச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கும் விலங்கு என்பதால், அளவு கூடியிருப்பது எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. போதாக்குறைக்குப் பல பூனைகள் மறைவாக இருக்கும்போதும், இரவில் எல்லோரும் உறங்கிய பிறகும்தான் அதிகமாக நக்குகின்றன. "என் பூனை அப்படி நக்குவதே இல்லை" என்று வளர்ப்பவர் உறுதியாகச் சொல்வது உண்மையான நம்பிக்கைதான். ஆனால் அது சான்றாகாது.

சான்று வேறு இடங்களில் இருக்கிறது. முடி உருண்டைகளை வாந்தியெடுப்பது வழக்கத்தைவிட அதிகரித்திருக்கும். மலத்தில் முடி தெரியும். முடியற்ற திட்டின் மீது விரலை எதிர்த்திசையில் ஓட்டினால், மழித்த தாடையைத் தடவுவதுபோலக் குட்டை முடிகள் சொரசொரவென்று தட்டுப்படும். திட்டின் ஓரத்து முடியை மென்மையாக இழுத்தால் கையோடு வராது. கால்நடை மருத்துவர் சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கும்: இயல்பான முடியின் நுனி கூம்பிக் கூர்மையாக இருக்கும், நக்கி ஒடிக்கப்பட்ட முடியின் நுனி முறிந்து பிளந்திருக்கும். பூனையின் கழுத்தில் கூம்பு வடிவக் காப்பை மாட்டிச் சில வாரங்கள் நாக்கு எட்டாமல் தடுத்தால் முடி மீண்டும் முளைப்பதும் இதே உண்மையைச் சொல்லும். ஆனால் அந்தக் கூம்பு நோயைக் கண்டறிய உதவுமே தவிரத் தீர்க்காது. நக்கத் தூண்டிய காரணம் அப்படியே இருக்கும், கூம்பைக் கழற்றிய மறுநாளே பூனை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

நக்கத் தூண்டும் காரணங்களில் முதலில் நிற்பது தெள்ளுப்பூச்சி. பேனைப் போலல்லாமல் பக்கவாட்டில் தட்டையாகவும், தாவிச் செல்வதாகவும், கரும்பழுப்பு நிறத்திலும் இருக்கும் இந்தப் பூச்சி கடிக்கும்போது அதன் எச்சில் பூனையின் தோலுக்குள் செல்கிறது. அந்த எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட பூனைக்கு உடல் முழுக்கப் பூச்சிகள் மொய்க்க வேண்டியதில்லை. எப்போதாவது விழும் ஓரிரு கடிகளே அரிப்பை அணையாமல் வைத்திருக்கப் போதும். வால் தொடங்கும் இடத்தை ஒட்டிய முதுகு, தொடையின் பின்புறம், அடிவயிறு, கழுத்து ஆகிய இடங்களில் முடி மெலிவதும், தோலைத் தடவினால் கடுகு சிதறியதுபோலச் சிறு பொருக்குகள் கைக்குத் தட்டுப்படுவதும் இதன் வழக்கமான தோற்றம். இங்கே ஒரு விசித்திரமான சிக்கல் எழுகிறது. மிகவும் அரிக்கும் பூனைதான் மிகுதியாக நக்கும். மிகுதியாக நக்கும் பூனை தன் மேலுள்ள பூச்சிகளை எல்லாம் விழுங்கிவிடும். எனவே ஒவ்வாமை எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குப் பூச்சி கண்ணில் படாமல் போகும். பூச்சியைப் பார்க்கவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று முடிவுகட்டுவது, நான் அறிந்தவரை இந்த விஷயத்தில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

நுண்ணிய பற்கள் கொண்ட பேன்சீப்பால் முதுகையும் வால் அடியையும் சீவி, விழும் கரும்புள்ளிகளை நனைத்த வெள்ளைத்தாளில் வைத்துப் பார்க்கலாம். சாதாரண அழுக்கு கரியதாகவே இருக்கும். தெள்ளுப்பூச்சியின் கழிவு செரித்த இரத்தமாதலால் செம்பழுப்பாகக் கசியும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை என்பதும் விலக்குத் தராது. மனிதரின் காலணியிலோ ஆடையிலோ, வெளியே போய்வரும் மற்றொரு விலங்கின் மீதோ பூச்சி வந்து சேரும். மேலும், விலங்கின் உடலில் இருக்கும் முதிர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே என்று கணக்கிடப்படுகிறது. மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் விரிப்பு, தரை இடுக்கு, படுக்கை ஆகியவற்றில் இருக்கின்றன. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரைகூட இடும். கூட்டுப்புழு தன் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் ஒரே ஒரு முறை மருந்து இட்டுவிட்டு "பயனில்லை" என்று கைவிடக்கூடாது. வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதங்களாவது இடைவிடாமல் மருந்து கொடுத்த பிறகே தெள்ளுப்பூச்சி காரணமில்லை என்று சொல்ல முடியும்.

இந்த இடத்தில் உயிர் தொடர்பான ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். நாய்களுக்கென்று விற்கப்படும் சில பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பொருள் செறிவாக இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை எளிதில் சிதைத்துவிடும். பூனையின் கல்லீரலால் அது முடியாது. நாய் மருந்தில் கொஞ்சமாகப் பூனைக்கும் தடவினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் ஏற்பட்டு இறப்பு வரை செல்லக்கூடும். அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. தேயிலை மர எண்ணெய் போன்ற, இயற்கையானவை என்ற பெயரில் பரிந்துரைக்கப்படும் செறிந்த எண்ணெய்களும் பூனைக்கு நஞ்சுதான். தடவியதை அது நக்கியே தீரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து வருவது படர்தாமரை. இது நக்கி எடுப்பதிலும் சேராது, வேரோடு விழுவதிலும் சேராது. முடி உள்ளிருந்தே அரிக்கப்பட்டு ஒடியும் நோய். பூனைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. முடியின் கெரட்டினைத் தின்று வாழும் அது, தண்டை நொறுங்கச் செய்வதால், முகம், காது, முன்னங்கால் போன்ற இடங்களில் செதில் படிந்த வட்டமான அல்லது ஒழுங்கற்ற திட்டுகள் உருவாகின்றன. அரிப்பு இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். குட்டிகள், நீண்ட முடி கொண்ட பெர்சியன் போன்ற இனங்கள், பல பூனைகள் நெருக்கமாக வாழும் இடங்களிலிருந்து அண்மையில் வந்தவை ஆகியவற்றில் இதை முதலிலேயே சந்தேகிக்க வேண்டும். பூஞ்சை தொற்றிய ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் திட்டு வெளிப்படுகிறது. வெளித்தோற்றத்தில் எந்தக் குறியும் இல்லாமல் வித்துகளை மட்டும் சுமந்து திரியும் பூனைகளும் உண்டு.

இது மனிதருக்கும் பரவும் என்பதே இந்த நோயைத் தனித்து நிறுத்துகிறது. வீட்டில் ஒருவருக்குக் கையிலோ கழுத்திலோ சிவந்த வளையமாக அரிப்பு தோன்றியிருந்தால், அதைப் பூனையைப் பார்க்கும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். பல சமயம் நோயை அடையாளம் காட்டும் முதல் துப்பே அதுதான். குழந்தைகளும், முதியோரும், நோயெதிர்ப்பு குன்றியவர்களும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். கண்டறிவதற்கு முதலில் வுட்ஸ் விளக்கு என்ற புறஊதா விளக்கின் ஒளியில் முடியைப் பார்ப்பார்கள். தொற்றுள்ள முடித்தண்டு பச்சை ஆப்பிளின் நிறத்தில் ஒளிரும். ஒளிரவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. எல்லாத் தொற்றும் ஒளிர்வதில்லை. ஆகையால் புதிய பல்துலக்கியால் உடல் முழுவதும் சீவி எடுத்த முடியைப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அதன் முடிவுக்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். சிகிச்சை என்பது உள்ளே கொடுக்கும் இட்ராகோனசோல் போன்ற மருந்தும், வெளியே வாரம் இருமுறை செய்யும் மருந்துக் குளியலும் சேர்ந்தது. உதிர்ந்த முடியில் ஒட்டிய வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் வீட்டை நாள்தோறும் கூட்டித் துடைப்பதும் அதன் பகுதியே. முடி முளைத்துவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் தோல் தேறிய பிறகும் வித்துகள் எஞ்சியிருக்கும்.

சிற்றுண்ணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நோட்டோயெட்ரஸ் என்ற உண்ணி உண்டாக்கும் சொறி, காதின் விளிம்பில் தொடங்கி முகத்துக்கும் கழுத்துக்கும் தடித்த சாம்பல் நிறப் பொருக்காகப் பரவும். பார்த்தவுடன் சந்தேகிக்கக்கூடியது, கடுமையாக அரிப்பது, சிகிச்சைக்கு நன்றாக இணங்குவது. காதுக்குள் வாழும் உண்ணியால் காதின் முன்னும் பின்னும் சொறிந்து முடி போகும். காதில் காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு நிறைந்திருக்கும். டெமோடெக்ஸ் கேட்டோய் என்ற வகை இவற்றைவிட நழுவலானது. அது தோலின் மேற்பரப்பிலேயே வாழ்வதால், பூனை நக்கும்போது நாக்கோடு போய்விடுகிறது. தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் பல சமயம் அகப்படுவதில்லை. ஒரு பூனையிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவும் என்பதால், ஒரே வீட்டில் இரண்டு மூன்று பூனைகள் சில மாத இடைவெளியில் வயிற்றை நக்கத் தொடங்கினால் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தெள்ளும் உண்ணியும் பூஞ்சையும் விலக்கப்பட்ட பிறகே உணவு ஒவ்வாமையையும் சுற்றுச்சூழல் ஒவ்வாமையையும் ஆராய்வது முறை. தோற்றத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. தலை, கழுத்து, வயிறு எங்கும் வரலாம், உதடு தடிப்பதும் தோலில் சிவந்த மேடுகள் எழுவதும் சேர்ந்துகொள்ளலாம். உணவு ஒவ்வாமையை உறுதிப்படுத்த நம்பகமான இரத்தச் சோதனை இல்லை. பூனை இதுவரை உண்ணாத ஒரே ஒரு புரதத்தையோ, மிக நுண்ணிய துண்டுகளாகச் சிதைக்கப்பட்ட புரதம் கொண்ட மருத்துவ உணவையோ குறைந்தது எட்டு வாரங்கள் மட்டும் கொடுத்து, தேறிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. இடையில் ஒரு வாய் வேறு உணவு போனாலும் அந்த உழைப்பு வீணாகலாம். ஆனாலும் புதிய உணவைத் தின்ன மறுக்கும் பூனையைப் பட்டினி போட்டுப் பழக்க முயலவே கூடாது. இரண்டு மூன்று நாள்கள் உண்ணாமலிருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

அரிப்பு மட்டுமல்ல, வலியும் நக்கவைக்கும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அடிவயிற்றின் நடுப்பகுதியில் மட்டும் முடி போயிருந்தால் சிறுநீர்ப்பை அழற்சியை நினைக்க வேண்டும். வயதான பூனை ஒரு மூட்டின் மேலேயே நக்கிக்கொண்டிருந்தால் மூட்டு தேய்ந்திருக்கலாம். வாலின் அடியில் நக்குவது மலத்துவாரச் சுரப்பிகள் அடைத்திருப்பதால் இருக்கலாம். ஆண் பூனை அடிப்பகுதியை ஓயாமல் நக்கிக்கொண்டு, மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் தவித்தால், முடியைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. அது சிறுநீர்க் குழாய் அடைப்பாக இருக்கக்கூடும். அன்றே, அந்த மணியிலேயே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை.

மன அழுத்தம் காரணமாகப் பூனை தன் முடியை எடுத்துவிடுகிறது என்ற விளக்கம் மிகவும் பரவியது. வீடு மாறினோம், புதிய குழந்தை வந்தது, இன்னொரு பூனையைக் கொண்டுவந்தோம் என்று தேடினால் ஏதேனும் ஒரு காரணம் யாருடைய வாழ்விலும் கிடைத்துவிடும். அதுவே இந்த விளக்கத்தின் கவர்ச்சியும் ஆபத்தும். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, மனக்காரணம் என்று சந்தேகிக்கப்பட்டு அனுப்பப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தது. அவற்றில் 16 பூனைகளுக்கு உடல்நோய் மட்டுமே காரணமாக இருந்தது. 3 பூனைகளுக்கு உடல்நோயும் மனக்காரணமும் சேர்ந்திருந்தன. மனக்காரணம் மட்டுமே இருந்தவை 2. சிறிய ஆய்வுதான் என்றாலும் அது காட்டும் திசை தெளிவானது. மன அழுத்தத்தால் நக்கும் பூனைகள் உண்மையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஒளிந்துகொள்ள இடமும், உயரத்தில் ஏறி அமர வசதியும், ஒவ்வொன்றுக்கும் தனி உணவுத் தட்டும் மணல் தட்டும், சில வேளைகளில் மருந்தும் தேவைப்படுகின்றன. ஆனால் அந்த முடிவு மற்றவை அனைத்தும் விலக்கப்பட்ட பிறகு வர வேண்டியது. தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டால், அரிப்பில் தவிக்கும் விலங்கை அதன் மனத்தின் மீது பழிபோட்டுக் கைவிட்டதாகிவிடும்.

முடி உண்மையிலேயே தானாக விழும் நிலைகளும் உண்டு, அரிதாக. கடுங்காய்ச்சல், அறுவை, குட்டி ஈனுதல் ஆகியவற்றுக்குச் சில வாரங்கள் கழித்து முடி பரவலாக உதிர்ந்து பின்பு தானே முளைக்கும். ஊசி போட்ட இடத்திலோ சொட்டு மருந்து இட்ட இடத்திலோ ஒரு சிறு திட்டு மட்டும் விழலாம். பத்து வயதைக் கடந்த பூனை நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போய், முடியும் கலைந்து பொலிவிழந்து காணப்பட்டால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மிக அரிதாக, முதிய பூனையின் வயிற்றிலும் கால்களிலும் முடி சட்டென்று எளிதாகக் கழன்று, அடியில் தோல் மெருகேற்றியதுபோலப் பளபளக்கும். உடல் எடையும் குறைந்துகொண்டே வரும். கணையத்திலோ கல்லீரலிலோ உள்ள புற்றுநோயின் வெளி அடையாளமாக அது இருக்கலாம். நாய்களில் அடிக்கடி காணப்படும் ஹார்மோன் சார்ந்த முடியிழப்பு பூனைகளில் அரிது. அதனால் நாயை வைத்துப் பூனையைக் கணிப்பது பொருந்தாது.

கவலையே பட வேண்டாத திட்டும் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள நெற்றியோரத்தில் எல்லாப் பூனைகளுக்கும் முடி சற்று மெல்லியதாகவே இருக்கும். குட்டை முடியும் கருநிறமும் கொண்ட பூனைகளில் அது வழுக்கைபோலத் தோன்றும். தோல் சிவக்காமல், செதிலோ பொருக்கோ இல்லாமல், இருபுறமும் ஒன்றுபோல இருந்தால் அது இயல்பே.

மருத்துவரிடம் செல்லும்போது சில விவரங்கள் சோதனைகளைவிட அதிகமாக உதவும்: எப்போது தொடங்கியது, பருவத்துக்கேற்ப மாறுகிறதா, வீட்டில் மற்ற விலங்குகளுக்கோ மனிதருக்கோ அரிப்பு உண்டா, கடைசியாகப் பூச்சி மருந்து இட்ட நாள் எது, அது எந்த மருந்து, பூனை என்னென்ன தின்கிறது, மற்ற நோய்களுக்கு என்ன மாத்திரை உட்கொள்கிறது. தைராய்டுக்கான மெத்திமசோல் மாத்திரையே சில பூனைகளின் முகத்தில் கடும் அரிப்பை உண்டாக்குகிறது என்பதால் கடைசிக் கேள்வி சம்பிரதாயமானதல்ல. திட்டுகளை வாரந்தோறும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருந்தால், அவை பரவுகின்றனவா நிற்கின்றனவா என்பதைச் சொல்ல நினைவை நம்ப வேண்டியதில்லை. செல்லும் முன்பு குளிப்பாட்டவோ களிம்பு தடவவோ வேண்டாம். இரண்டும் சான்றை அழித்துவிடும்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு ஒரே நாளில் அடங்கிவிடும் என்பது உண்மை. ஒவ்வாமை உறுதியான பூனைக்கு அது நல்ல மருந்துமாகும். காரணம் தெரியாத நிலையில் அதைத் திரும்பத் திரும்பப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். படர்தாமரை இருக்கும் உடலில் அது பூஞ்சைக்கே துணைபோகும். நீண்டகாலம் தொடர்ந்தால் சர்க்கரை நோயை வரவழைக்கலாம். இவையெல்லாம் இல்லாவிட்டாலும், அரிப்பை மறைத்துவிடுவதால் எந்தச் சோதனையின் விளைவையும் நம்ப முடியாதபடி செய்துவிடும்.

காரணம் அகன்ற பிறகு முடி திரும்ப வருவதற்கு ஓரிரு மாதங்கள் முதல், நீண்ட முடி இனங்களில் ஆறு மாதங்கள் வரைகூட ஆகலாம். முதலில் அரிப்பு நிற்கும், பிறகு தோல் தெளியும், கடைசியில்தான் முடி முளைக்கும். ஆகையால் சிகிச்சை பலிக்கிறதா என்பதை நக்குவது குறைந்திருக்கிறதா என்று பார்த்தே முதலில் அறிய வேண்டும். சயாமீஸ் போன்ற பூனைகளில் புதிய முடி பழையதைவிடக் கருமையாக முளைப்பதைக் கண்டு சிலர் மீண்டும் அஞ்சுகிறார்கள். அந்த இனத்தில் நிறமியை உண்டாக்கும் நொதி குளிர்ச்சியான இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். முடியில்லாமல் குளிர்ந்து கிடந்த தோலில் முளைத்ததால்தான் அந்தக் கருமை. அடுத்த முறை முடி மாறும்போது பழைய நிறம் திரும்பிவிடும்.